இரண்டாவது கையெழுத்து

எங்கள் ஆபீசில் அவளுக்கு டைரக்டரி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. குடிநீர் வாரியத்தில் எங்களுடையது புகார்ப் பிரிவு. குழாயில் தண்ணீர் வரவில்லை, வந்தால் நாறுகிறது, தெருவில் குழாய் உடைந்து ஆறாக ஓடுகிறது என்று ஊரே எங்களைக் கூப்பிட்டுத் திட்டும். திட்டு வாங்குவதற்கென்றே நான்கு நாற்காலி போட்டிருந்தார்கள். முதல் நாற்காலி அவளுடையது, இரண்டாவது என்னுடையது. பதினாறு வருஷம் அப்படிப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம்.

அவளுக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. ஆனால் எந்த வால்வு எந்தத் தெருவுக்கு, அதைத் திருப்புகிற ஆள் யார், அவன் மத்தியானம் எங்கே படுத்துத் தூங்குவான், அந்த இடத்துக்குப் பக்கத்து டீக்கடை நம்பர் என்ன, எல்லாம் அவள் நாக்கு நுனியில் இருக்கும். என்ஜினியர்கள் ஃபைலைத் தேடமாட்டார்கள், அவளைத்தான் தேடுவார்கள். "கண்ணும் கருத்துமா வேலை பாக்கணும்" என்று புது மேனேஜர் ஒருத்தர் வந்த அன்றைக்கே எங்களுக்கு உபதேசம் செய்தார். அவர் அந்தப் பக்கம் போனதும் இவள் என் பக்கம் சாய்ந்து, "கருத்தை நான் பாத்துக்கறேன், கண்ணை நீ பாத்துக்கோ" என்றாள். நான் சிரித்த சிரிப்பில் எனக்கு ஒரு மெமோ வந்தது.

குரலை வைத்தே பொய்யைப் பிடிப்பாள். "நாலு நாளா சொட்டுத் தண்ணி இல்லம்மா" என்று ஒருவர் அழுவார். இவள் நிதானமாக, "சார், பின்னால வாளி நெறையற சத்தம் கேக்குது. மொதல்ல குழாயை மூடிட்டு வாங்க, பேசலாம்" என்பாள். அவள் முன்னால் லீவுக்குப் பொய்க் காரணம் சொல்ல எங்களில் ஒருவருக்கும் தைரியம் கிடையாது. என் வீட்டுக்காரர் குடிக்க ஆரம்பித்ததை, நான் "காலை வணக்கம்" சொன்ன தினுசிலேயே கண்டுபிடித்தவள் அவள்.

ஒரே ஒரு ஆளை மட்டும் அவள் அப்படிக் காதைத் தீட்டிக் கேட்டதில்லை. அது அவள் அக்கா.

அக்கா ஆறு வயது மூத்தவள். அம்மா சீக்கிரம் போய்விட்டதால் தங்கைக்குத் தலை வாரியதிலிருந்து பள்ளிக்கூடம் சேர்த்தது வரை அக்காதான். அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை. அந்த வேலையை இரண்டு பேராக உட்கார்ந்து செய்வார்கள். ஒருத்தர் மூலத்தை வாய்விட்டுப் படிக்க, இன்னொருத்தர் அச்சான தாளோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். படிக்கிறவர் கமா, முற்றுப்புள்ளி, அடைப்புக்குறி எல்லாவற்றையும் சேர்த்துப் படிக்கவேண்டும். அக்காவுக்கு அதுவே வாய்ப்பழக்கமாகிவிட்டது. தங்கைக்கு வரும் கடிதத்தையும் அப்படியேதான் படிப்பாள். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை யாரையோ வைத்து எழுதி அனுப்பிய கடிதத்தை, "உங்களை நினைக்காத நாளே இல்லை ஆச்சரியக்குறி" என்று அக்கா படித்ததை இவள் ஆபீசில் நடித்துக் காட்டியிருக்கிறாள். கமாவைக்கூட விடாதவள் என்று அக்காவைப் பற்றி அவளுக்கு அவ்வளவு பெருமை.

இப்போது போல் படித்துக் காட்டுகிற போன் எல்லாம் அப்போது கிடையாது. எந்தத் தாள் வந்தாலும் அக்கா படிப்பாள். கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் தன் சுண்டுவிரலைக் கோட்டின் மேல் படுக்க வைப்பாள். அந்த விரலை வேலியாக வைத்துக்கொண்டு இவள் பேனாவை ஓட்டுவாள். கையெழுத்து நூல் பிடித்தாற்போல் நேராக விழும். எதற்கு, ஏன் என்று கேட்பதில்லை. கேட்டால் அக்காவைச் சந்தேகப்பட்டதாகிவிடும் என்பது அவர்களுக்குள் எழுதாத சட்டம்.

முப்பத்து மூன்று வயதில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கும் கண் தெரியாது. பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார். யாராவது பேச்சுவாக்கில் தேதியைத் தப்பாகச் சொல்லிவிட்டால் திருத்தாமல் அவருக்குத் தொண்டைக்குள் சோறு இறங்காது. மற்றபடி தங்கமான மனிதர். அடுத்த வருஷமே அவள் உண்டானாள்.

அந்த ஒன்பது மாதத்தில் ஊர் பேசிய பேச்சு இருக்கிறதே, இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் அக்காவைப் பார்த்து, "இவங்களுக்கு எத்தனை மாசம்?" என்று கேட்பாள். "வயிறு என்னுது, என்னையே கேளுங்க" என்பாள் இவள். வராந்தாவைப் பெருக்குகிற அம்மாள், "கண்ணு தெரியாததுக்கு இதெல்லாம் ஒரு கேடா" என்று இரண்டடி தூரத்தில் நின்று சொன்னாளாம். கண் தெரியாதவர்களுக்குக் காதும் கேட்காது என்று எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்களோ தெரியவில்லை. குழந்தைக்கும் கண் தெரியாமல் போய்விட்டால் என்ன செய்வாய் என்று கேட்காத ஆள் பாக்கியில்லை. நானும் கேட்டேன். சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

"தெரியலைன்னா எப்படி இருக்கறதுன்னு நான் கத்துக்குடுக்கறேன். அது ஒண்ணு எனக்கு நல்லாவே தெரியும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

ஸ்கேன் எடுத்த அன்று மற்றவர்கள் திரையைப் பார்த்தபோது அவள் சத்தத்தைக் கூட்டச் சொல்லிக் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டாள். மறுநாள் முழுக்க, போனை ஒரு காதில் வைத்துக்கொண்டே, மேஜைமேல் விரலால் அந்தத் தாளத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். "இவ்ளோ அவசரமாடி ஓடும் ஒரு உசுரு?" என்று என்னிடம் கேட்டாள். எனக்கு இரண்டு பிள்ளைகள். அந்தச் சத்தத்தை அப்படி ஒரு நாளும் நான் காது கொடுத்துக் கேட்டதில்லை.

பிரசவம் சுலபமாக இல்லை. வலி கண்டு ஒரு பகல் போய், குழந்தையின் துடிப்பு குறைகிறது என்று சொல்லி, வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள். பெண் குழந்தை. இரண்டு கண்ணும் பளிச்சென்று தெரிகிற குழந்தை. தவழ ஆரம்பித்ததும் இவள் அதன் சட்டையில் ஒரு குட்டி மணியை ஊக்கால் குத்தி விட்டாள். அதனால் அது எங்களுக்கெல்லாம் மணிக்குட்டி. காய்ச்சலைக் கன்னத்தால் பார்ப்பாள், மருந்தை ஊசிக்குழாயில் இழுத்து, பிளேடால் கீறி வைத்த அளவுகோட்டை விரல் நுனியால் தடவிப் பார்த்துக் கொடுப்பாள். முதல் மூன்று மாதம் அக்கா கூடவே இருந்தாள், அதை இல்லை என்று சொல்லமுடியாது. அதற்குப் பிறகு அந்தக் குழந்தையை வளர்த்தது அவளும் வாத்தியாரும்தான். ஒரு தடவைகூடக் கீழே போடவில்லை. நான் என் மூத்தவனை இரண்டு தடவை போட்டிருக்கிறேன், எனக்கு இரண்டு கண் இருக்கிறது.

மணிக்குட்டிக்கு நான்கு வயதானபோது அவளுக்கு இன்னொன்று வேண்டும் என்று ஆசை வந்தது. ஆசை என்றால் லேசான ஆசை இல்லை. "நாங்க போனப்புறம் அவளுக்குன்னு ஒரு ஆள் வேணும்டி. எனக்கு அக்கா இருக்கிற மாதிரி" என்பாள். ஒரு வருஷம் பார்த்தாள், ஒரு மாதமும் நாள் தள்ளவில்லை. அக்காவிடம் சொன்னாள். நீ லீவு போட்டு அலையவேண்டாம், உன் ஃபைலை எடுத்துக்கொண்டு நானே டாக்டரம்மாவைப் பார்க்கிறேன் என்று அக்கா போனாள். எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, உடம்பில் கொஞ்சம் சத்துப் பிடிக்கவேண்டும், இந்த மாத்திரையைத் தினமும் போடு என்று வாங்கிக்கொண்டு வந்தாள். மாதாமாதம் அக்காவே வாங்கித் தருவாள்.

இரண்டு வருஷம். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவை மூடியதும் அந்த மாத்திரையைப் போட்டுக்கொள்வாள். போட்டுக்கொள்ளும்போது யாரிடமும் பேசமாட்டாள். மாதம் ஒருமுறை, இந்தத் தடவையும் இல்லை என்று தெரிந்த நாளில், போனில் அவள் குரல் ஒரு படி இறங்கியிருக்கும். எனக்கே தெரியும்போது அவளைப் பற்றிச் சொல்லவேண்டாம். உடம்பில்தான் குறை என்று தன்னைத்தானே தின்றுகொண்டிருந்தாள். "ஒண்ணு குடுத்ததே பெரிசுன்னு நெனச்சிட்டாரோ கடவுள்" என்று ஒரு நாள் சொன்னாள்.

அந்தச் சமயத்தில் அக்காவின் வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லாமல் வெளியூர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மாத்திரை தீர்ந்துவிட்டது. காலி அட்டையை என்னிடம் கொடுத்து, இதே மாதிரி வாங்கி வா என்றாள். மருந்துக்கடைக்காரரிடம் அட்டையை நீட்டினேன். எடுத்துக் கொடுத்தார். எனக்குச் சும்மா இருக்க முடியாதே, "இதைப் போட்டா குழந்தை உண்டாகுமாமே, எத்தனை நாள்ல கேக்கும்?" என்றேன்.

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "இதைப் போட்டா எலும்பு உண்டாகும்மா. வெறும் கால்சியம்."

இரண்டு நாள் அதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் நாள் சொன்னேன். அவள் கொஞ்சமும் அதிரவில்லை. "கடைக்காரன் மாத்திக் குடுத்திருப்பான். அக்கா அவசரத்துல பாத்திருக்கமாட்டா" என்றாள். கமாவை விடாத அக்கா மாத்திரைப் பெயரை விட்டுவிட்டாளா என்று என் நாக்கு வரை வந்தது, விழுங்கிவிட்டேன். "ஃபைலை நாளைக்குக் கொண்டு வரேன். டாக்டரம்மா என்ன மாத்திரை எழுதியிருக்காங்கன்னு பாத்துச் சொல்லு, நாமளே வாங்கிக்கலாம்" என்றாள்.

ஃபைல் அவள் வீட்டு அலமாரியிலேயேதான் இருந்திருக்கிறது. அக்கா அதை ஒளித்து வைக்கவில்லை. புருஷனுக்கும் கண் தெரியாது, பெண்டாட்டிக்கும் தெரியாது, யார் எடுத்துப் படிக்கப்போகிறார்கள் என்ற தைரியம்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், பழைய மீட்டர்கள் குவிந்து கிடக்கிற பின்பக்க அறையில் உட்கார்ந்தோம். மாத்திரைச் சீட்டு எதுவும் அந்த ஃபைலில் இல்லை. டாக்டரம்மாவின் சீட்டே இல்லை. பிரசவத்துக்குப் பிறகு எந்த டாக்டரும் அதைத் தொட்டதற்கான அடையாளமே இல்லை. "சரி, மொதல்லேர்ந்து படி. அக்கா மாதிரி குறியோட படி, எனக்கு அப்பதான் ஏறும்" என்றாள். நானும் படித்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாள் வந்தது. "பெண் குழந்தை கமா எடை இரண்டு கிலோ எண்ணூறு கிராம் முற்றுப்புள்ளி" என்று படித்தேன். அடுத்த வரியில் கண் போனது. வாய் நின்றுவிட்டது.

உண்மையைச் சொல்கிறேன். அந்த வரியைத் தாண்டிவிடலாம் என்று எனக்கும் தோன்றியது. அதற்குக் கீழே தையல் பிரிக்கிற தேதி இருந்தது. குரலை மாற்றாமல் அங்கே குதித்திருந்தால் அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. ஒருத்தி வாழ்க்கையையே மறைப்பது அவ்வளவு சுலபமான காரியம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"பக்கம் முடியலையே. மூச்சை ஏன் பிடிச்சிக்கிட்டிருக்கே?" என்றாள். "படி."

படித்தேன். "இரு பக்கக் கருக்குழாய்களும் கட்டி வெட்டப்பட்டன முற்றுப்புள்ளி. நிரந்தரக் கருத்தடை முற்றுப்புள்ளி. நோயாளி மற்றும் கணவரின் சம்மதம் பெறப்பட்டது முற்றுப்புள்ளி."

"மறுபடி படி."

மறுபடி படித்தேன். மூன்றாவது தடவையும் கேட்டாள். என்னால் முடியவில்லை, அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. கையை நீட்டி, "எந்த எடத்துல?" என்றாள். அவள் விரலை எடுத்து அந்த வரியின் மேல் வைத்தேன். அச்சடித்த வழவழப்பான தாளில் தடவிப் பார்த்தாள். தடவினால் என்ன தெரியும்?

"சம்மதம்னு இருக்கே, அந்தத் தாள் இருக்கா?"

இருந்தது. இரண்டு தாளைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். முதல் தாள் வயிற்றைக் கீறி எடுக்க. இரண்டாவது தாள் கருத்தடைக்கு. இரண்டிலும் அவள் கையெழுத்து, அதன் கீழே வாத்தியார் கையெழுத்து.

"என்னுதுதானா?"

"உன்னுதுதான்."

"நேரா இருக்கா?"

"நேரா இருக்கு."

"அக்கா விரல் வெச்சா நேராத்தான் இருக்கும்" என்றாள்.

அப்புறம் அந்த நாளைப் பற்றிச் சொன்னாள். வலியில் கிடந்தபோது அக்கா தாளோடு வந்தாளாம். முதல் தாளைக் கமா, முற்றுப்புள்ளியோடு படித்தாள். விரல் வைத்தாள், இவள் போட்டாள். பிறகு இரண்டாவது தடவை விரல் வைத்தாள். அந்தத் தாளைப் படிக்கவே இல்லை. இவளுக்கு அது உறைத்தது. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, "இது எதுக்குக்கா?" என்று கேட்டாளாம். "மயக்க ஊசிக்கும்மா. போடு, நேரமாகுது" என்றாளாம் அக்கா. அந்தச் சுண்டுவிரல் நடுங்கியது. வேர்வையில் நனைந்திருந்தது. இவள் அந்த விரலைத் தடவிக் கொடுத்து, "பயப்படாதேக்கா, எனக்கு ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாளாம்.

"எனக்குப் பயந்து நடுங்கறான்னு நெனச்சேன்டி. அவளுக்கு நான் ஆறுதல் சொன்னேன்" என்றாள்.

ஊரில் இருக்கிற பொய்யையெல்லாம் போனில் பிடித்தவளுக்கு அந்த விரலின் நடுக்கம் அன்பாகத்தான் தெரிந்திருக்கிறது. அவளை நான் எப்படிக் குற்றம் சொல்வேன்? முப்பத்து நான்கு வருஷம் தன்னைத் தூக்கி வளர்த்த விரல் அது.

வெட்டியதை மறுபடி சேர்க்க முடியும் என்று யாரோ சொல்லக் கேட்டு அடுத்த வாரமே வேறொரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்த டாக்டரும் என்னைப் பார்த்துத்தான், "இவங்க வயசு என்ன?" என்றார். "அவங்களுக்குத்தான் வாய் இருக்கே, அவங்களையே கேளுங்க" என்றேன். அதற்குப் பிறகு அந்த அம்மாள் கொஞ்சம் மனுஷியாகப் பேசினார். சோதனையெல்லாம் செய்துவிட்டு, குழாயில் மிச்சம் இருப்பது ரொம்பக் குறைவு, வயதும் நாற்பத்தொன்று ஆகிவிட்டது, கத்தி வைத்தும் பயனிருக்கும் என்று நான் சொல்லமாட்டேன் என்றார்.

"கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா?" என்று கேட்டாள் இவள்.

"ரெண்டு மூணு வருஷத்துக்கு முன்னாடி வந்திருந்தா முயற்சி பண்ணிப் பாத்திருக்கலாம்மா."

அவள் தலையை ஆட்டினாள். அந்த இரண்டு வருஷமும் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு எலும்புக்கு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தாள். குழாயைக் கட்டியதாவது ஒரு நாளில், அவசரத்தில், பயத்தில் செய்தது என்று வைத்துக்கொள்ளலாம். மாதாமாதம் கடைக்குப் போய் அந்த மாத்திரையை வாங்கி வந்தது எதில் சேர்த்தி? நம்பினவள் கழுத்தை அறுப்பதில்கூட ஒரு மட்டு மரியாதை வேண்டாமா?

அக்கா ஊர் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை காலை இவள் என்னையும் வரச் சொன்னாள். "நீ இருக்கணும். அக்கா மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு அப்புறம் எனக்குச் சொல்லணும்" என்றாள். மணிக்குட்டியைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தார்கள். வாத்தியார் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அக்கா உள்ளே வரும்போதே தங்கைக்கு வாங்கிய மாத்திரைப் பையைக் கையில் வைத்திருந்தாள்.

"மயக்க ஊசிக்கு ஒரு கையெழுத்து வாங்கினியேக்கா, அந்தத் தாளைப் படிச்சேன்" என்றாள் இவள்.

அக்கா என்னைப் பார்த்தாள். யார் படித்தது என்று கேட்கவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "டாக்டர் என்னைத் தனியா கூப்பிட்டுச் சொன்னார்" என்று ஆரம்பித்தாள். "ஒண்ணே இவங்களுக்குக் கஷ்டம், இன்னொண்ணு வந்தா நீங்கதான் வளக்கணும், வயித்தைத் தொறக்கும்போதே முடிச்சிடலாம்னார். எனக்கு ரெண்டு பசங்க. வீட்ல அவருக்கு அப்பவே உடம்பு சரியில்ல. நான் ஒருத்தி எத்தனை பேரைச் சுமப்பேன்?"

"என்னைக் கேட்டிருக்கலாமே."

"கேட்டா வேணாம்னு சொல்லியிருப்பே."

"ஆமா. சொல்லியிருப்பேன்."

"உன்னைப் பெத்தவ மாதிரி வளத்தேன்டி" என்றாள் அக்கா.

"வளத்தே. அதனாலதான் விரலை எங்க வெச்சாலும் போட்டேன்."

வாத்தியார் முகத்தை அக்கா குரல் வந்த பக்கம் திருப்பினார். "எனக்கும் நீங்கதான் விரல் வெச்சீங்கண்ணி. மயக்க ஊசிக்குப் புருஷன் கையெழுத்தும் வேணும்னு சொன்னீங்க" என்றார். தேதிப் பிழையைத் திருத்துவது போன்ற அதே குரலில்தான் சொன்னார். அக்கா முகத்தை மூடிக்கொண்டாள்.

"அந்த மாத்திரை எதுக்குக்கா?" என்று கேட்டாள் இவள்.

"நீ தெனம் தெனம் கேட்டே. எதாவது குடுத்தா ஆசை தானா அடங்கிடும்னு நெனச்சேன்."

அக்கா காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டாள். இவள் கதவு வரை சுவரைத் தடவிக்கொண்டே நடந்துபோய்த் திறந்துவிட்டு நின்றாள். அக்கா போன பிறகு என்னிடம், "மூஞ்சி எப்படி இருந்துச்சு?" என்றாள். "அழுதா. ஆனா நீ கேட்டப்போ ஆச்சரியப்படல" என்றேன். "என்னைக்காவது கேப்பேன்னு தெரிஞ்சிருக்கு" என்றாள்.

என் புத்தி என்ன சொன்னதென்றால், இதோடு விட்டது சனியன், இனி அந்த அக்கா இல்லாமலே இவள் பிழைப்பாள் என்றுதான். பிழைத்தாள், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு வாரம் கழித்து ஒரு பெரிய துணிப்பையைத் தூக்கமுடியாமல் தூக்கிக்கொண்டு ஆபீசுக்கு வந்தாள். உள்ளே அவளுடைய எல்லாத் தாளும் இருந்தது. பள்ளிக்கூடச் சான்றிதழ், வேலை உத்தரவு, அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து எழுதிய கடிதங்கள், வாத்தியார் கல்யாணத்துக்கு முன்னால் அனுப்பியவை, வீட்டு வாடகைப் பத்திரம், நாற்பது வருஷத்தில் அவள் கையெழுத்துப் போட்டதும் போடாததுமாக ஒரு கட்டு.

"இதெல்லாம் அக்கா படிச்சதுதான் எனக்குத் தெரியும். நிஜமா என்ன இருக்குன்னு தெரியாது. நீ படி" என்றாள்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது, போனது ஒரு குழந்தை மட்டும் இல்லை என்று. அவள் வாழ்க்கை முழுக்க அக்காவின் வாய் வழியாக வந்தது. அந்த வாய் ஒரு இடத்தில் பொய் என்றால், மிச்சம் எதை அவள் நம்புவது? அம்மா சாகும்முன் தன்னைப் பற்றி என்ன எழுதினாள் என்பதைக்கூட இனி அவள் நம்பமுடியாது.

ஏழு வாரம் ஆயிற்று. சாப்பாட்டு நேரத்தில் மீட்டர் அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் படித்தேன். நான் முதல் வரியைப் படித்ததும் மிச்சத்தை அவளே சொல்ல ஆரம்பிப்பாள். அவ்வளவும் அவளுக்கு மனப்பாடம். நான் தாளைப் பார்த்து ஒப்பிடுவேன். எங்காவது ஒரு வார்த்தை பிசகாதா என்று நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டே பார்த்தேன். அந்த அக்காவைத் திட்ட எனக்கு இன்னும் விறகு வேண்டியிருந்தது. பள்ளிக்கூடச் சான்றிதழில் குறைந்த மதிப்பெண், அதையும் மறைக்காமல் படித்திருக்கிறாள். அப்பா இன்னொரு கல்யாணம் செய்துகொண்டு எழுதிய கடிதம், அதில் இந்தக் குழந்தையை என்னால் பார்த்துக்கொள்ள முடியாது என்று ஒரு வரி. அதையும் பதினோரு வயது தங்கைக்கு, பதினேழு வயது அக்கா, கமா விடாமல் படித்திருக்கிறாள். அம்மாவின் கடைசிக் கடிதத்தில், "சின்னவளிடம் எதையும் மறைக்காதே, அவளுக்கு உன்னை விட்டால் வேறு கண் இல்லை" என்று இருந்தது. அதையும் படித்திருக்கிறாள்.

கடைசித் தாளை மடித்து வைத்தேன். "அவ்ளோதான். எல்லாம் நீ சொன்ன மாதிரியே இருக்கு. ஒரு எழுத்து மாறல" என்றேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்த முட்டாள் நான்.

அவள் இரண்டு கையாலும் முகத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஃபைலைப் படித்த அன்று அழாதவள், டாக்டரிடம் அழாதவள், அக்கா முன்னால் அழாதவள், அந்த மீட்டர் குப்பைக்கு நடுவில் குலுங்கிக் குலுங்கி அழுதாள். "இன்னும் ஒரே ஒரு பொய்யாவது இருந்திருக்கலாம்டி" என்றாள். "பொய்க்காரின்னு உதறிட்டுப் போயிருப்பேன். அப்பன் என்னை வேணாம்னு எழுதினதைத் தாங்கிக்குவேன்னு நம்பிப் படிச்சவ, நான் ஒரு புள்ளையை வளப்பேன்னு மட்டும் நம்பல."

தாள்களையெல்லாம் எடுத்துப் பைக்குள் திரும்ப வைத்தேன். சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்தது. அன்றைக்குச் சாயங்காலம் வரை அவள் நாற்காலியின் போனையும் நான்தான் எடுத்தேன்.